அடுக்களையில் எடுத்த படம்

வேண்டுமென்று செய்யவில்லை. இதைப் பியூலா நாலைந்து நாளாகத் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். காய் நறுக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, ஜெபத்தில் அவள் புருஷன் தங்கதுரை கண்ணை மூடியிருக்க இவள் மட்டும் திறந்து வைத்திருக்கும்போது. கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லித்தான் அது வந்தது. தெரியாத எண். கம்ப்யூட்டரில் வாட்ஸப்பைத் திறந்து ஆபீஸ் வேலை ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தவள், யார் வீட்டுக் கல்யாணமோ, போகாமல் விட்டால் காலமெல்லாம் சொல்லிக் காட்டுவார்களே என்று அழுத்தினாள். அழைப்பிதழ் எதுவும் திறக்கவில்லை. திரை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். எழுந்துபோய் மீன் கழுவினாள். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு மட்டும் நடுத்திரையில் நின்றது: உங்களுடையதையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் சாவி தருவோம். தங்கதுரை பல்லைத் தேய்த்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிற மனுஷன், எதையும் பதற்றமில்லாமல் பார்ப்பவர். அங்கே இங்கே அழுத்தினார். பிறகு நுரை வழிகிற வாயோடு, யாரிடமோ சொல்வதுபோல, "ஹெப்சி படம் எல்லாம் இதுலதான இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம். உனக்கு அறிவிருக்கா, எவன் அனுப்பினாலும் தொறப்பியா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், மத்தியானத்துக்குள் எல்லாம் ஆறியிருக்கும். அவரோ வாய் கொப்பளித்தார், சட்டை போட்டார், பைக்கை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நான்கு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் இவள் முன்னால் சொன்னது மொத்தமாக எத்தனை முறை என்று யோசித்தால் ஒரு கை விரல் போதும். செத்துப்போன முதல் மனைவியின் பெயரை அவர் அப்படிப் பத்திரமாக வைத்திருந்தார். வாயில் வைத்துத் தேய்ந்துவிடக் கூடாது என்பதுபோல. பைக் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்த பியூலாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. வேண்டுமென்று செய்தாள் என்று நினைக்கிறாரோ? நினைத்தால்? நினைக்கவில்லை என்றால் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை? அப்புறம், பஸ் ஏறிய பிறகு, இன்னொன்றும் தோன்றியது. நாம் வேண்டுமென்றுதான் செய்தோமோ?

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டாள். மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரஹ்மத் வருவதாகச் சொல்லியிருந்தாள். பியூலாவின் ஆபீசுக்கு வந்து போகிறவள், முப்பது வயதிருக்கும், ஸ்கூட்டரில் காலிடுக்கில் பெரிய பையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். தங்கதுரை பேப்பர் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தார். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாயங்காலம் வரை அவரிடம் எதையும் கேட்க முடியாது. ரஹ்மத் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜைக்குத் தூக்கி வந்து, முதுகைக் கழற்றி, உள்ளே ஊதினாள். "பணம் கிணம் அனுப்பிராதீங்க. அனுப்பினவங்க எல்லாம் ரெண்டு மடங்கு அழுதுட்டு வாராங்க" என்றாள். "பூட்டினத நம்மால தொறக்க முடியாது. ஆனா இந்த வைரஸ் என்ன செய்யுதுன்னா, ஒரு நகல் எடுத்து அதப் பூட்டிட்டு அசலை அழிச்சிருது. அழிக்கிறதுன்னா நெசமா அழிக்கிறதில்ல. பேர மட்டும் எடுத்துருது. அது மேல வேற ஏதாச்சும் வந்து உக்காருற வரைக்கும் உள்ள கெடக்கும். தோண்டிப் பாப்போம், கெடைச்ச வரைக்கும் லாபம்." உள்ளிருந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் பொருத்தினாள், அது தோண்ட ஆரம்பித்தது. ரஹ்மத்தின் லேப்டாப்பில் பச்சைக் கோடு ஒன்று கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக வளர்ந்தது. பியூலா இரண்டு தடவை காபி போட்டாள், வாசலில் கீரைக்காரியிடம் வேண்டாத கீரையை வாங்கினாள், உச்சிவெயில் ஏறி இறங்கியது. ஒன்றும் கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தாளா? இல்லை. கிடைக்கட்டும் என்று ஜெபித்தாளா? அதுவும் இல்லை. "வந்துட்டு" என்று ரஹ்மத் கூப்பிட்டபோது கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். படங்கள் வந்துவிட்டன, ஆனால் பெயர் கிடையாது, தேதி கிடையாது, எது எந்த வருஷம் என்ற வரிசையே கிடையாது. எல்லாவற்றுக்கும் வெறும் எண். அதோடு, கம்ப்யூட்டர் இத்தனை வருஷத்தில் இன்டர்நெட்டில் பார்த்த அத்தனை சில்லறைப் படமும் சேர்ந்து வந்திருந்தது. சேலை விளம்பரம், செருப்பு, கேஸ் கம்பெனியின் முத்திரை, யாரோ சமைத்த பிரியாணி. "எல்லாத்தையும் புது டிஸ்க்குல போட்டுட்டேன். ஆனா இப்படியே குடுத்தா சாருக்குத் தலை சுத்திரும். குப்பைய யாராச்சும் கழிக்கணும். சார் வந்து பாப்பாங்களா?" என்றாள் ரஹ்மத். "நான் பாக்கேன்" என்றாள் பியூலா. சொன்ன வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

எளிதான வேலைதான். வேண்டும் என்றால் இந்தப் பக்கம், வேண்டாம் என்றால் அந்தப் பக்கம். ரஹ்மத் எதிரே உட்கார்ந்து கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தாள். பியூலா அவளுடைய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செருப்பு, வேண்டாம். பிரியாணி, வேண்டாம். ஏதோ டி.வி. விளம்பரம், வேண்டாம். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, பூசணிக்காயும் வாழைத்தாரும் அடுக்கியிருந்தது, வேண்டும். சேலை, வேண்டாம். சேலை, வேண்டாம். இந்தச் சேலைக்குள் ஆள் இருந்தது. விரல் நின்றது. கருநீலச் சேலை, கழுத்தை ஒட்டி முத்துமாலை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவாக இருக்கவேண்டும், பின்னால் பாதி எழுத்து தெரிந்தது. ஹெப்சிபாவை இவள் முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல்முறை. பெண் பேச வருமுன்பே அவர் ஹாலில் மாட்டியிருந்த படத்தை எடுத்துவிட்டார், ஆணியை எடுக்கவில்லை, அதில் பியூலா வசனக் காலண்டரை மாட்டினாள். கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் இருந்தது தெரியும். பெயர்கூடத் தெரியும். ஒரு நாளும் திறக்கவில்லை, திறக்காமல் இருந்ததில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று. ரஹ்மத் எழுந்து ஏதோ ஒயரை எடுக்க இந்தப் பக்கம் வந்தவள் எட்டிப் பார்த்தாள். "உங்க அக்காவா?" என்றாள். பியூலா வாயைத் திறந்தாள். "ஆமா" என்று வந்தது. பொய்யும் இல்லை. மூத்தாளை அப்படித்தானே சொல்லுவார்கள், கல்லறைத் திருநாள் அன்றைக்குப் பூவை இவள் கையில் கொடுத்து மாமியார்கூட அக்காவுக்கு வை என்றுதானே சொன்னார். ரஹ்மத் இன்னும் குனிந்து பார்த்தாள். "நல்ல ஜாடை இருக்கு. இந்த நெத்தியும் கன்னமும் அப்படியே நீங்கதான்."

ஜாடை. ஒயரோடு ரஹ்மத் அந்தப் பக்கம் போய்விட்டாள், அந்தச் சொல் மட்டும் இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டது. யாரும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டிருந்தார்களா, போதகர் மனைவி ஐயரம்மா, மாமியார், எதிர்வீட்டு ஜாய்ஸ் டீச்சர், சர்ச்சில் முதல் ஞாயிறு இவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்த அத்தனை பேரும்? புதுப் பொண்ணு என்று பார்க்கிறார்கள் என நினைத்துச் சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாளே. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் பார்த்த பார்வை. அப்பாவுக்கு மருந்தும் கஞ்சியுமாகப் பொழுது போனதில் கல்யாண வயதெல்லாம் கடந்து, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்தவள், காபித் தட்டோடு வந்து நின்றபோது அந்த மனுஷன் டம்ளரை எடுக்காமல் முகத்தையே பார்த்தார். ஐயரம்மா இருமினார்கள், அப்புறம்தான் எடுத்தார். அந்தப் பார்வையை எத்தனை நாள் தனியாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். என்னை ஒருத்தர் அப்படிப் பார்த்தார். என்னை. இப்போது லேப்டாப் திரையின் கறுத்த ஓரத்தில் தன் முகம் மங்கலாகத் தெரிய, நடுவில் அந்த முகம் தெளிவாகத் தெரிய, நெற்றி, கன்னம், மேலுதடு என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். மூக்கு இல்லை. மூக்கு தன்னுடையதுதான். சண்டை போட்டு ஜெயித்ததுபோல அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிற ஒருத்தியென்றால் பொறாமைப்பட ஒரு வழி உண்டு, அவள் தடிப்பாள், முடி கொட்டும், கடைத்தெருவில் கத்திரிக்காய்க்குச் சண்டை பிடிப்பாள், பார்த்து மனசு ஆறலாம். ஹெப்சியோ ஒரு காலையில் பள்ளிக்கூட அசெம்பிளியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. அந்த வயதோடு நின்றுவிட்டாள். போன கிறிஸ்துமஸோடு பியூலா அவளைத் தாண்டியாயிற்று. இனிமேல் அவள் தங்கை, நான் அக்காள், வருஷத்துக்கு வருஷம் இன்னும் மூத்த அக்காள். கருநீலச் சேலையை வேண்டும் பக்கம் தள்ளினாள்.

பிறகு அவள் வந்துகொண்டே இருந்தாள். வரிசை இல்லாததால் எங்கிருந்து வருவாள் என்று சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டுக் கடன் விளம்பரம், உடனே கல்யாணச் சேலையில் ஹெப்சி. ஒரு குக்கர், உடனே இதே வீட்டுப் பின்வாசலில் துணி உலர்த்துகிற ஹெப்சி. கல்யாணப் படம் வந்தபோது ரஹ்மத் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தாள். சார் பக்கத்தில் மாலையோடு நிற்பது யார் என்று அவள் பார்த்துவிட்டாள். சொம்பை வைத்துவிட்டு, "ஃபேனைக் கூட்டி வைக்கவாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கருணை பியூலாவுக்கு எரிந்தது. படத்துக்குப் படம் வீட்டுச் சாமான்கள் வேறு காட்டிக்கொடுத்தன. கட்டில் விரிப்பு, இவளுக்குப் பிடித்த அந்த நீலக்கட்டம், தள்ளுபடியில் எடுத்தது என்று அவர் சொன்னாரே, எப்போது எடுத்தது என்று சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் துடைத்துத் துடைத்து வைக்கிற மர அலமாரி. வாசல் முல்லைக்கொடி, அதைத் தான் நட்டதாகவே நினைக்க ஆரம்பித்திருந்தாள், படத்தில் அது ஒரு முழ உயரத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது, பக்கத்தில் மண்கையோடு அவள். வேண்டும். வேண்டும். எல்லாம் வேண்டும் பக்கம்தான். ஒன்றைக்கூட விடக்கூடாது, யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது, அவர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பார்க்கும்போது பியூலா எப்பேர்ப்பட்டவள் என்று தெரியவேண்டும். பெரிய மனசுக்காரியாக இருப்பதற்கு வலது கை ஆள்காட்டி விரல் வலித்தது. அப்புறம் கொடைக்கானல் வந்தது. படகுத்துறை, பச்சைக் கம்பி, பின்னால் ஏரி, ஸ்வெட்டரில் ஒருத்தி, முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி, தோளைத் தளர்த்தி. தான்தான் என்று நினைத்துவிட்டாள். ஒரு மூச்சு நேரம் சந்தோஷம்கூட வந்தது, என் படமும் வந்துவிட்டதே என்று. ஸ்வெட்டர் வேறு. மூக்கு வேறு. கல்யாணமான புதிதில் அதே கம்பியில்தான் இவளையும் சாய்ந்து நிற்கச் சொன்னார். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. தோளத் தளத்து. ஆ, அப்படியே நில்லு." எவ்வளவு கவனமாகச் சொல்லுகிறார் என்று கூச்சமும் பூரிப்புமாக நின்றாள். அவர் இவளை நிறுத்தவில்லை, அந்த இடத்தை நிரப்பினார். கடைசி வரை திருப்பித் திருப்பி, சரியாக அவள் நின்ற மாதிரி வரும் வரைக்கும். இப்படி யோசிக்கக்கூடாது. வேறு எப்படி யோசிப்பது? அந்த மனுஷனுக்குப் படம் எடுக்கத் தெரிந்ததே அந்த ஒரு கோணம்தான் என்று வைத்துக்கொண்டால்? வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது, அதை அவள் கண்டுபிடித்த பிறகு விரல் வேகமாகவே ஓடியது. ஹெப்சி எதிலும் சிரிக்கவில்லை. கல்யாணத்தில் இல்லை, கொடைக்கானலில் இல்லை, யாருடைய ஞானஸ்நானத்திலோ குழந்தையை ஏந்தி நிற்கும்போதும் இல்லை. கேமராவைக் கண்டால் வாயை இறுக்கி மூடி, பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு சந்தோஷமாகவா இருந்திருப்பார்கள்? கண்டிப்பான கணக்கு டீச்சர், கண்டிப்பான வீடு. பியூலா எல்லாப் படத்திலும் பல் தெரியச் சிரித்திருப்பாள். எனக்குச் சிரிக்கத் தெரியும், என்று வேண்டும் பக்கம் தள்ளினாள். நான் வந்த பிறகுதான் இந்த வீட்டில் சத்தம் வந்தது, என்று தள்ளினாள். கிட்டத்தட்ட அவள்மேல் இரக்கம்கூட வந்தது. அந்த நேரத்தில்தான் அடுக்களைப் படம் வந்தது.

நன்றாக எடுத்த படம் இல்லை. கை அசைந்து ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. இதே அடுக்களை, இதே ஜன்னல். மஞ்சள் நைட்டியில் ஹெப்சி, இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மாவு, முடி அவிழ்ந்து ஒரு பக்கமாக விழுந்திருக்க, தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண் இல்லை, இரண்டு கோடுதான். கடைவாய்ப்பல் வரை தெரிந்தது, மேல்வரிசையில் ஒரு பல் தப்பி ஏறியிருந்தது, அதை மறைக்கத்தான் மற்ற படங்களில் வாயை மூடியிருக்கிறாள் என்று பியூலாவுக்கு அப்போது புரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் அவர் தெரிந்தார். பனியனோடு, முழங்கையைத் தூக்கிக் கேமராவைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க. முகம் பாதிதான் விழுந்திருந்தது, அந்தப் பாதியிலும் அவர் சிரித்தார். இப்படி ஒரு சிரிப்பு அந்த மனுஷனிடம் இருக்கிறது என்று யாரும் பியூலாவுக்குச் சொல்லவில்லை. இவளோடு அவர் புன்னகைப்பார். நல்லவர், சிரிப்பு வந்தால் மீசையைத் தடவுவார். தோள் குலுங்காது. என்ன சொன்னார் அப்போது? என்ன சொன்னால் ஒரு பெண் மாவுக்கையோடு இப்படிச் சிரிப்பாள்? அழகைப் பார்த்துப் பொறாமை வரவில்லை, வயதைப் பார்த்து வரவில்லை, கட்டில் விரிப்பைப் பார்த்துக்கூட இந்த அளவு வரவில்லை. அந்த ஒரு வார்த்தை, படத்தில் விழாத அந்த வார்த்தை, அதுதான் நெஞ்சுக்குக் குறுக்கே கம்பியைப் போல நின்றது. அது ரெண்டு பேருக்குள் இருந்தது, மூன்றாவது ஆளுக்கு அதில் இடமே இல்லை, அவள் செத்து மண்ணாகியும் இடம் இல்லை. நான் தினமும் நிற்கிற அடுக்களை. நான் தினமும் துடைக்கிற ஜன்னல். பியூலா நிமிர்ந்து ரஹ்மத்தைப் பார்த்தாள், ரஹ்மத் எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. படம் அந்தப் பக்கம் போயிற்று, செருப்போடும் பிரியாணியோடும். கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எஞ்சியதையும் பார்த்து முடித்தாள், என்ன பார்த்தாள் என்று தெரியாது. "கழிச்சதெல்லாம் குப்பைதான? அழிச்சிரவா, இடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றாள் ரஹ்மத். ஒரு தடவை பார்த்துவிட்டு என்று சொல்லியிருக்கலாம். இரு என்று சொல்லியிருக்கலாம். "அழிச்சிரு" என்றாள் பியூலா. ரஹ்மத் அழித்தாள். புது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினாள், பாஸ்வேர்டை எல்லாம் மாற்றச் சொன்னாள், வாட்ஸப்பில் எது வந்தாலும் திறக்காதீங்க என்று இவள் தோளைத் தட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். வீடு கழுவிவிட்ட மாதிரி ஆயிற்று. பியூலாவுக்கு நல்ல பசி எடுத்தது. அதுதான் பிறகு யோசிக்கும்போது அசிங்கமாக இருந்தது, அப்படியொரு பசி.

அவர் வெயில் தாழ வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை. "வந்துட்டா?" என்றார். "வந்துட்டு. முக்கால்வாசி" என்றாள். முகம் கழுவாமல் உட்கார்ந்தார். பியூலா அடுக்களைக்குள் போய் ரவையை வறுக்க ஆரம்பித்தாள், வறுத்த ரவையையே மறுபடி வறுத்தாள், காது மட்டும் ஹாலில் இருந்தது. மவுஸ் சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை. மவுஸ் சத்தம். அழுகிறாரா? அழட்டும். இல்லை, அழக்கூடாது. "பியூலா, இங்க வாயேன்" என்றார். கரண்டியோடு போனாள். பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார், "உக்காரு". இது அவள் எதிர்பார்க்காதது. படங்களை மூடிவிடுவார், அல்லது இவள் வருகிற சத்தத்தில் வேகமாகத் தள்ளுவார் என்று நினைத்திருந்தாள். "இத்தன நாள் உன்கிட்ட காட்டவே இல்ல. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு வச்சிருந்தேன். நீ போயி நாள் பூரா உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து வச்சிருக்க." மீசையைத் தடவினார். கரண்டியில் ஒட்டியிருந்த ரவை ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. அவர் காட்டினார், இவள் பார்த்தாள். இது அவ அண்ணன் வீடு என்றார், இல்லையே, சேலை ஆண்டுவிழாவுல கட்டினதுதான, பின்னால பள்ளிக்கூடம்லா தெரியுது என்றாள், அட ஆமா என்றார். ஒரே பகலில் இவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "போட்டோன்னா வெறச்சிப் போவா" என்றார் அவர். "அந்தத் தெத்துப்பல்ல நெனச்சி. ஒண்ணே ஒண்ணு, அடுக்களைல வச்சி நான் திடீர்னு எடுத்துட்டேன். நல்லாச் சிரிச்சிருப்பா. அழிங்கன்னு அத்தன சண்ட போட்டா, நான் மாட்டேன்னுட்டேன்." முதலிலிருந்து இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். மெதுவாக. கடைசி வரைக்கும். "அது வரல போல. சரி விடு, வந்தவரைக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." பிறகு, துக்கத்தை மாற்ற ஆண்கள் வேலையில் இறங்குவார்களே, அப்படி, "பென்டிரைவ்ல கெடக்குற கொஸ்டின் பேப்பரையும் இதுலயே ஏத்தி வச்சிருதேன். இனி ரெண்டு எடத்துல வைக்கணும்" என்று எதையோ செருகினார்.

பியூலா பின்வாசலுக்குப் போய் ரஹ்மத்துக்குப் போன் போட்டாள். "கழிச்சதுல ஒரு படம், தெரியாம..." தெரியாம என்ற சொல்லை அங்கேயே விட்டாள். "அத எடுக்க முடியுமா?" "அந்த டிஸ்க்கு இப்ப எங்கக்கா?" "சார் ஏதோ ஏத்திக்கிட்டு இருக்காங்க." "யா அல்லாஹ், நிறுத்தச் சொல்லுங்க! ஏத்த ஏத்த அது மேல போய் உக்காந்துரும், அப்புறம் யாராலயும் முடியாது. இப்பவே கழட்டி வச்சாக் கெடைச்சாலும் கெடைக்கும். நான் காலைல வாரேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அக்கா படமா?" என்றாள். "ஆமா" என்றாள் பியூலா. போனை வைத்த பிறகும் பின்வாசலிலேயே நின்றாள். ஹாலில் மவுஸ் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எது போகிறதோ, அந்த மஞ்சள் நைட்டியா, மாவுக்கையா, அந்தப் பல்லா. இப்படியே நின்றால் போதும். ஒன்றும் செய்யவேண்டாம், உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தால் போதும், அவர் கையாலேயே அவர் அவளை மூடிவிடுவார், யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு தனக்குள் வரும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அதற்குள் இன்னொரு சத்தம். உள்ளே ஓடினாள். பொய் கையோடு தயாராக இருந்தது. வைரஸ் அதில் ஏறிவிட்டதாம், ரஹ்மத் கழற்றச் சொன்னாள். சொன்னால் நம்பிவிடுவார், எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷன், நாள் பூரா உக்காந்து எடுத்து வச்சிருக்க என்று நம்பினாரே.

"அதக் கழட்டுங்க. ஒண்ணும் ஏத்தாதீங்க, கழட்டுங்க."

"ஏன், என்னாச்சி?"

"அந்தப் படம் வந்துச்சி" என்றாள். "அடுக்களைல எடுத்தது. வந்துச்சி. நான்தான் அழிச்சேன்."

அவர் கை ஒயரில் நின்றது. பிறகு இழுத்தார். டிஸ்க்கில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது. அதை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார், பியூலா நின்ற இடத்திலேயே நின்றாள். அடிபிடிக்கிற வாசனை வந்தது, யாரும் போகவில்லை. இப்போது கேட்பார், ஏன் என்று கேட்பார், என்ன சொல்வது, சிரித்தாள் என்றா, நீங்களும் சிரித்தீர்கள் என்றா? காலைல ரஹ்மத் வருவா, எடுத்துரலாம்னு சொல்லுதா என்று சொல்ல நினைத்தாள். அன்றைக்கு நுரை வழிய நின்றாரே, அதே மாதிரி எழுந்து போய்விடுவார் என்று பயந்தாள். அவர் நிமிர்ந்தார். கோபத்தைத் தேடினாள், அந்த முகத்தில் வேறு ஏதோ இருந்தது. ஒரு அவசரம்.

"அப்போ நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"எப்படி இருந்தா? எனக்கு... பாத்து ரொம்ப நாளாச்சி. தொறந்தா தாங்காதுன்னு தொறக்கவே இல்ல. சொல்லு."

சொல்லலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். "மஞ்சள் நைட்டி" என்றாள். "ரெண்டு கைலயும் மாவு. முடி இந்தப் பக்கமா அவுந்து கெடந்துச்சி." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தலையப் பின்னால சாய்ச்சி, கண்ணே தெரியல, அப்படிச் சிரிச்சாங்க. தெத்துப்பல்லு தெரிஞ்சிது. நல்லா இருந்துச்சி, அந்தப் பல்லு. ஜன்னல்ல நீங்களும் தெரிஞ்சிங்க. பனியனோட. நீங்களும் சிரிச்சிங்க." சொல்லச் சொல்ல அவர் முகம் இளகிக்கொண்டே வந்தது, மீசைக்குக் கை போகவில்லை, தோள் மெல்ல ஒரு தடவை குலுங்கியது. கண்ணாடியில் பாதி தெரிந்த அந்தச் சிரிப்பு இப்போது முழுசாக இரண்டு அடி தூரத்தில் இருந்தது. அது தனக்கு இல்லை என்று பியூலாவுக்குத் தெரியும். நெஞ்சில் அந்தக் கம்பி அதே இடத்தில் நின்றது, கொஞ்சமும் அசையவில்லை. ஆனாலும் கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்ன சொன்னீங்க அப்போ, அவங்க அப்படிச் சிரிக்க?"

அவர் கண்ணைத் திறந்தார். யோசித்தார். சுவரைப் பார்த்தார், கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார், கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ஒரு திகில் பரவியது. "ஞாபகம் இல்லையே" என்றார். "ஐயோ, ஞாபகம் இல்லையே பியூலா."

சாகிற வரைக்கும் இவளுக்குக் கிடைக்காது என்று நினைத்த அந்த வார்த்தை அவரிடமும் இல்லை. அதைக் கேட்டு நிம்மதி வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவருடைய முழங்கையைப் பிடித்தாள். அவர் சிறுபிள்ளை மாதிரி அவள் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். "மொதல்லருந்து சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பியூலா மஞ்சள் நைட்டியிலிருந்து ஆரம்பித்தாள்.